பேராசிரியர் எக்கிள்ஸ்

கணனியானது ஒன்றையும் பூச்சியத்தையும் நினைவில் வைத்திருக்கின்றது என்பதை மாணவர் யாவரும் அறிவர். வைத்ததை அது மீண்டும் எவ்வாறு படிக்கின்றது என்று வினவுவார் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நாம், வானொலி ஆய்வுக்கு வாழ்நாளை ஈந்த ஆங்கிலப் பேரறிஞர் ஒருவரிடம் சென்று சேர்ந்தோம். தமிழாசிரியர்க்கு மின்சாரத்தில் என்ன வேலை என நகைக்கும் பழைய மாணவ நண்பர்கள் பொறுத்தருள்வாராக.

வில்லியம் ஹென்றி எக்கிள்ஸ் 1875ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் நாள், வடமேற்கு இங்கிலாந்தின் கப்பல் கட்டும் பட்டினமாகிய பாரோவிற் பிறந்தார். இலண்டன் றோயல் விஞ்ஞானக் கல்லூரியிற் கற்று, சிலகாலம் மார்க்கோனிக்கு உதவியாளராயிருந்தார். பின்னர் ஆசிரியத் தொழில் அவரை ஈர்த்தது. 1916இல் பின்ஸ்பரித் தொழினுட்பக் கல்லூரியிற் பேராசிரியரானார். நம் பாடநூல்கள் இருவாயி என வழங்கும் கருவிக்கு 'டயோட்' என்னும் பெயரைக் கிரேக்கச் சொற்களினின்று 1919இல் ஆக்கித் தந்தவரும் இவரே. சொல்லாக்கத்திற் பற்றுள்ள எமக்கு இது தனி மகிழ்ச்சி.

நிற்க. 1918 யூன் 21ஆம் நாள், எக்கிள்சும் பிராங்க் வில்பிரட் யோர்டன் என்பாரும் இரு வால்வுகள் கொண்ட ஒரு சுற்றுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். ஒவ்வொரு வால்வின் அனோட்டும் மற்றதன் நெய்யரியோடு குறுக்கே பிணைக்கப்பட்டிருந்தது. முதலாவது வால்வு மின்னைக் கடத்துங்கால் அதன் அனோட்டின் அழுத்தம் தாழும். அத்தாழ்வு இரண்டாவதை அடைத்துவிடும். அடைபட்டதன் அனோட்டோ உயர்ந்து நின்று முதலாவதைத் தொடர்ந்து திறந்து வைக்கும். சிறு துடிப்பொன்று வந்து தாக்கினால் இரண்டும் நிலைமாறி, கதவிலே தாழிட்டாற் போல அம்மாறிய நிலையிலேயே நிற்கும். மெல்லிய துடிப்பொன்றாற் பெருமாற்றம் விளைத்து நிறுத்துவதே அதற்கு அவர்கள் வகுத்த பணி. அன்று மின்னணுக் கணனி பிறந்திருக்கவில்லை.

இச்சுற்றைப் படித்தலாவது, ஓர் அனோட்டின் அழுத்தம் உயர்ந்துள்ளதோ தாழ்ந்துள்ளதோ என அறிதலேயாம். ஆயின் அறியச் செல்லும் சுற்று மிகச் சிறு மின்னையே எடுத்தல் வேண்டும். மிகையாக இழுப்பின் நிலையே புரண்டுவிடும். செல்லரித்த ஏட்டுச் சுவடியைப் புரட்டியோர்க்கு இவ்வச்சம் புதிதன்று. அளவறிந்து எடுப்பின் எத்தனை முறை படித்தாலும் எழுத்து அழியாது.

இதற்கு விலையும் உண்டு. 'பிட்' ஒன்றுக்கு இரு வால்வுகள் வேண்டும். 1946இல் அமெரிக்காவில் யாவரும் காண இயக்கப்பட்ட எனியாக் கணனி எண்ணுதற்கு இத்தகைய சுற்றுக்களையே கொண்டிருந்தது. அதன் வால்வுகளோ ஏறக்குறைய 18,000. ஆதலின் மலிவான வழியை நாடினர். மான்செஸ்ரரில், நினைவிலிருந்த கட்டளைகளைப் படித்து இயங்கிய முதற் கணனி, கதிர்க்குழாய் முகத்தில் மின்னேற்றப் புள்ளிகளாக எண்களை வைத்திருந்தது. படித்தவுடன் புள்ளி கெட்டது. உடனே மீள எழுதவேண்டியதாயிற்று. அக்கணனி முதலில் இயங்கிய நாள் 1948 யூன் 21. எக்கிள்சின் விண்ணப்பத்துக்குச் சரியாக முப்பது ஆண்டுகள்!

எக்கிள்ஸ் 1921இல் றோயல் கழகத்தின் உறுப்பினரானார். 1966 ஏப்பிரல் 29ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், ஒக்ஸ்போட்டிற் காலமானார்.

வால்வு போய்த் திரான்சிற்றர் வந்தும் அவர் தாழ் மாறவில்லை. இன்றைய விரைவு நினைவகத்தில் 'பிட்' ஒன்றுக்கு வழமையாக ஆறு திரான்சிற்றர்கள். நான்கு அப்பழைய பிணைப்பாகவும் இரண்டு வாயிற் கதவுகளாகவும் அமைகின்றன. படிக்குமுன் இரு கம்பிகளும் ஒரே அழுத்தத்துக்கு உயர்த்தப்படும். கதவு திறந்ததும் தாழ்ந்த பக்கம் தன் கம்பியைச் சிறிது கீழே இழுக்கும். அச்சிறு வேறுபாட்டை உணர்ந்து பெருக்கிக் காட்டும் சுற்றும் பலவிடத்துக் குறுக்கே பிணைத்த இரட்டையே.