டி.சி. வாங்கியவர் கொடுத்த வெளிச்சம்



டிப்ளமோ தானே என்று இழுத்துப் பேசுகிற சொந்தக்காரர் ஒருத்தராவது எல்லார் வீட்டிலும் இருப்பார். எங்கள் வீட்டிலும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்வதற்கென்றே ஒரு மனிதரின் வாழ்க்கையை நான் படித்து வைத்திருக்கிறேன். அவர் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து டிப்ளமோ வாங்கியவர். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-ல் பெற்றவரும் அவரேதான். பெயர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தவர்.

ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் 1845 மார்ச் 27 அன்று பிறந்தார். அப்பா துணி வியாபாரி. பையனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்து நாட்டுக்குக் குடிபோனது. அங்கே உட்ரெக்ட் நகரத் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். ஒருநாள் வகுப்பில் யாரோ ஒரு பையன் வாத்தியாரைக் கேலிச்சித்திரமாக வரைந்து விட்டான். பழி ராண்ட்ஜன் மேல் விழுந்தது. வரைந்தவன் யார் என்று கேட்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. நண்பனைக் காட்டிக் கொடுக்காததற்குக் கிடைத்தது டி.சி.!

நம்ம ஊரில் மார்க் ஷீட் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. அங்கேயும் அப்படித்தான். பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாததால் பல்கலைக்கழகத்தில் முறையான மாணவராக இடம் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் பாலிடெக்னிக் மட்டும் அந்தச் சான்றிதழ் இல்லாதவர்களையும் சேர்த்துக் கொண்டது. 1865-ல் சேர்ந்து 1868-ல் இயந்திரவியலில் டிப்ளமோ வாங்கினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது நம்ம பாலிடெக்னிக் மாதிரி அல்ல, பெரிய உயர்கல்வி நிலையம். பின்னாளில் ஐன்ஸ்டீன் படித்ததும் அங்கேதான். ஆனாலும் அடைபட்ட ஒருவருக்குக் கதவைத் திறந்தது ஒரு பாலிடெக்னிக் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அடுத்த ஆண்டே டாக்டர் பட்டமும் பெற்றார். பேராசிரியர் குண்ட் அவரை உதவியாளராகச் சேர்த்துக் கொண்டு வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பாடம் நடத்த அனுமதி கேட்டபோது பழைய கதையே திரும்ப வந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லை, அதனால் முடியாது என்று விட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துப் பல்கலைக்கழகம்தான் 1874-ல் அவரை விரிவுரையாளர் ஆக்கியது. விதியைப் பாருங்கள்! மறுத்த அதே வூர்ஸ்பர்க் 1888-ல் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894-ல் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆக்கியது.

அங்கேதான் 1895 நவம்பர் 8 வந்தது. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் செலுத்திச் சோதனை செய்து கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடி, அறையையும் இருட்டாக்கி இருந்தார். ஆனால் சற்றுத் தள்ளி இருந்த, பேரியம் உப்பு பூசிய திரை பளிச்சென்று ஒளிர்ந்தது. நாமாக இருந்தால் ஏதோ லீக்கேஜ் என்று ரெக்கார்டு நோட்டை மூடி வைத்துவிட்டுப் போயிருப்போம். அவர் விடவில்லை. ஏழு வாரம் சோதனைச் சாலையே கதி என்று கிடந்தார். புத்தகம், மரம், அலுமினியம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வைத்துப் பார்த்தார். டிசம்பர் 22-ல் மனைவி பெர்த்தாவின் கையைப் படம் எடுத்தார். எலும்பும், விரலில் மோதிரமும் தெரிந்தன. கதிர் என்னவென்று தெரியாததால் எக்ஸ் என்று பெயர் வைத்து, டிசம்பர் 28-ல் கட்டுரையைக் கொடுத்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னை அவர் ரசிகனாக்கியது. காப்புரிமை வாங்கியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் வாங்கவே இல்லை. நோபல் பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தார். இதனால் யார் வேண்டுமானாலும் எக்ஸ் கதிரை எடுத்து ஆராயலாம் என்றாயிற்று. அப்படி எடுத்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் சாலமன் என்ற பெர்லின் அறுவை மருத்துவர். ஆபரேஷனில் அகற்றிய சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ் கதிரில் பார்த்து, புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று 1913-ல் எழுதினார். அப்போது ராண்ட்ஜன் உயிரோடு இருந்தார்.

ஆனால் உயிரோடிருக்கும் பெண்ணுக்கு நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஏன் தெரியுமா? எலும்பில் கால்சியம் இருக்கிறது, அதனால் பளிச்சென்று தெரியும். மார்பகத்தில் கொழுப்பு, சுரப்பி, கட்டி எல்லாமே மென்மையானவை. சாதாரண எக்ஸ்ரேயில் வித்தியாசம் சரியாகத் தெரியாது. இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது! உருகுவே நாட்டு மருத்துவர் லெபோர்ன் 1949 வாக்கில், மார்பகத்தைத் தட்டையாக அழுத்திப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். அழுத்தினால் தடிமன் குறையும், அசைவு நிற்கும், சிதறும் கதிர் குறையும், படம் தெளியும். மணல் துகள் போன்ற கால்சியம் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் அவர் காட்டினார். அமெரிக்காவின் ஈகன் 1960-ல், குறைந்த மின்னழுத்தமும் அதிக மின்னோட்டமும் கொண்டு படம் எடுக்கும் முறையை வகுத்தார். 1960-களில் சார்லஸ் க்ரோ என்ற மருத்துவரின் முயற்சியில் டங்ஸ்டனுக்குப் பதில் மாலிப்டினம் உலோகத்தைக் குழாயில் வைத்து, மார்பகத்துக்கென்றே தனி எந்திரம் பிறந்தது. எந்த ஊரில் தெரியுமா? ராண்ட்ஜனை முதலில் வாத்தியாராக்கிய அதே ஸ்ட்ராஸ்பர்க்கில்! இதற்குப் பெயர்தான் மேமோகிராம். கைக்குத் தட்டுப்படாத கட்டியைக்கூட இது காட்டிக் கொடுக்கும்.

இதுவே எல்லாம் சொல்லிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வயது குறைந்த பெண்களுக்கு மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அப்போது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கும். ஆபத்து அதிகமுள்ள சிலருக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். எந்த ஸ்கேனும் சந்தேகத்தைத்தான் காட்டும். ஊசியால் சிறிது சதையை எடுத்துச் சோதித்த பிறகுதான் புற்றுநோயா என்று உறுதியாகும்.

ராண்ட்ஜனின் கடைசிக் காலம் சுகமாக இல்லை. 1919-ல் பெர்த்தா இறந்தார். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பணவீக்கத்தில் சேமிப்பும் கரைந்து போனது. 1923 பிப்ரவரி 10 அன்று முனிக் நகரில் குடல் புற்றுநோயால் இறந்தார். உலகத்துக்கே உடம்பின் உள்ளே பார்க்கக் கற்றுக் கொடுத்தவரின் வயிற்றுக்குள்ளும் அந்த நோய் வந்து உட்கார்ந்து கொண்டது. நினைத்தால் மனசு கனக்கிறது.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2022-ல் மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் நம்ம வீட்டு அம்மாக்கள் என்ன செய்கிறார்கள்? வலி இல்லையே என்று விடுவார்கள். வெட்கப்பட்டு மூடி மறைப்பார்கள். செலவாகுமே என்று தள்ளிப் போடுவார்கள். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது, அதுதான் இதில் சூழ்ச்சி.

தோழர்களே! ராண்ட்ஜன் காசு வாங்காமல் கொடுத்ததை நாம் காசு இருந்தும் வாங்காமல் இருக்கலாமா? இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அம்மாவுக்கோ அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ வயது 40 தாண்டியிருந்தால், மேமோகிராம் எப்போது எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். எந்த வயதிலும் கட்டியோ, தோல் சுருக்கமோ, காம்பிலிருந்து கசிவோ தெரிந்தால் அன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள். ஆம்பளைப் பசங்க இதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட வேண்டாம். வாத்தியார் அதட்டியபோது ராண்ட்ஜன் வாய் திறக்காதது நண்பனுக்காக. நாம் வாய் திறக்க வேண்டியது அம்மாவுக்காக.