மஞ்சளும் சிவப்பும் தந்த நடுவர்

காற்பந்து ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவரைப் பற்றிய வாக்குவாதம் அவ்வளவு சீக்கிரம் முடியாது. அது பெனால்டியா இல்லையா, அந்தச் சிவப்பு அட்டை நியாயமா, நம் குழுவுக்கு மட்டும் ஏன் இப்படி என்று காப்பிக்கடையில் மணிக்கணக்கில் பேச்சு ஓடும். நானும் அப்படி வாதாடும் ரசிகர்களில் ஒருவன். நாங்கள் தவறாமல் உச்சரிக்கும் மஞ்சள் அட்டையையும் சிவப்பு அட்டையையும் உலகுக்குத் தந்தவர் கென் ஆஸ்டன். ஒரு காலத்தில் அவரே ரசிகர்களின் கடும் வசவுக்கு ஆளான நடுவர் என்பதை அறிந்தபோதுதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

ஆஸ்டன் 1915ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். தொழிலால் அவர் ஆசிரியர். 1936இல் நடுவராகத் தகுதி பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, கணுக்கால் காயத்தால் ஆகாயப்படையில் சேர முடியவில்லை. பீரங்கிப் படையில் சேர்ந்து, பின்னர் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு மாறி, லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்தார்.

போர் முடிந்ததும் அவருக்குக் கிடைத்த பணி நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. சாங்கியில் நடந்த போர்க்குற்ற விசாரணை மன்றத்தில் அவர் பணியாற்றினார். திடலில் பெரிய தீர்ப்புகளைச் சொல்வதற்கு முன்பே, மனித உயிர்களைப் பற்றிய தீர்ப்புகள் எவ்வளவு கனமானவை என்பதை அவர் அங்கே கண்டிருக்க வேண்டும்.

1946இல் நாடு திரும்பியவர் மீண்டும் விசிலைக் கையில் எடுத்தார். வெள்ளை ஓரம் வைத்த கறுப்புச் சீருடையை இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் முதலில் அணிந்தவர் அவர்தான். பல ஆண்டுகளுக்கு உலக நடுவர்களின் அடையாளமாக அது இருந்தது. அந்நாளில் எல்லை நடுவர்கள் உள்ளூர்க் குழுவின் நிறத்தில் கொடி பிடிப்பார்கள். மூடுபனியில் நடந்த ஓர் ஆட்டத்தில் அந்தக் கொடிகள் கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்து அவர் பளிச்சென்ற மஞ்சள் கொடிகளைக் கொண்டுவந்தார். 1953இல் அவர் இல்ஃபர்டில் உள்ள நியூபரி பார்க் பள்ளியின் தலைமையாசிரியரானார். வார நாளில் பள்ளி, வார இறுதியில் திடல் என்று வாழ்க்கை போனது.

1962ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி சிலி நாட்டில் நடந்தது. ஜூன் 2ஆம் தேதி சாந்தியாகோ நகரில் சிலியும் இத்தாலியும் மோதின. சிலியைத் தாழ்த்தி இத்தாலியச் செய்தியாளர்கள் எழுதியிருந்ததால் உள்ளூர் ரசிகர்கள் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இத்தாலியின் ஃபெர்ரினியை ஆஸ்டன் வெளியேற்றினார். அவர் போக மறுத்தார். போலிசார் வந்துதான் இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. பிறகு சிலியின் லியோனல் சான்செஸ், இத்தாலியின் மாரியோ டேவிட்டைக் குத்தினார். சான்செஸ் வெளியேற்றப்படவில்லை. பழிதீர்ப்பதுபோல் அவரை உதைத்த டேவிட்டோ வெளியேற்றப்பட்டார். சிலி 2-0 என வென்றது. அந்த ஆட்டத்துக்குச் சாந்தியாகோ போர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சான்செஸ் தப்பியது அநியாயம் என்றே நானும் கருதுகிறேன். ஆனால், 22 பேரும் அடிதடிக்குத் தயாராக நிற்கும்போது, அவர்களின் மொழி தெரியாத ஒருவர் விசிலையும் கையசைவையும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் நியாயமானதே. அதன் பிறகு அந்த உலகக் கிண்ணத்தில் ஆஸ்டன் வேறு ஆட்டத்துக்கு நடுவராக நிற்கவில்லை. மறு ஆண்டு, மான்செஸ்டர் யுனைடெட் லெஸ்டர் சிட்டியை 3-1 என வென்ற எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தை நடத்திவிட்டு ஓய்வுபெற்றார். பலர் அத்தோடு விலகியிருப்பார்கள். அவரோ நடுவர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பை ஏற்றார்.

1966 உலகக் கிண்ணத்தில் நடுவர்கள் அனைவரும் அவர் மேற்பார்வையில் இருந்தார்கள். இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதிய காலிறுதியில் ஜெர்மானிய நடுவர் கிரைட்லைன், அர்ஜென்டினா குழுத்தலைவர் ரத்தினை வெளியேற்றினார். நடுவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ரத்தின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு நகராமல் நின்றார். ஆஸ்டனே திடலுக்குள் இறங்கி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பாபி சார்ல்ட்டன், ஜாக் சார்ல்ட்டன் சகோதரர்களும் எச்சரிக்கப்பட்டதாக ஆட்டத்துக்குப் பிறகு செய்தித்தாள்கள் எழுதின. திடலில் அது தெளிவாகத் தெரியாததால், ஃபிஃபாவிடமே விளக்கம் கேட்கப்பட்டது.

இதை யோசித்தபடி ஆஸ்டன் லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்திரீட்டில் காரோட்டிச் சென்றார். போக்குவரத்து விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் நிறுத்து. எந்த மொழிக்காரருக்கும் புரியும். அங்கே பிறந்த எண்ணம் 1970 மெக்சிகோ உலகக் கிண்ணத்தில் அட்டைகளாக வந்தது. அந்தப் போட்டியில் ஒரு சிவப்பு அட்டைகூடக் காட்டப்படவில்லை. அடுத்த உலகக் கிண்ணத்தில், 1974இல், சிலியின் கார்லோஸ் காஸேலி முதல் சிவப்பு அட்டையைப் பெற்றார். அதே போட்டியில் போலந்து ஹைட்டியை 7-0 என வென்ற ஆட்டத்துக்கு நடுவர், சிங்கப்பூரின் ஜார்ஜ் எனப்படும் கோவிந்தசாமி சுப்பையா. ஆஸ்டன் தந்த அட்டைகள் அன்று நம் ஊர்க்காரர் ஒருவரின் சட்டைப்பையில் இருந்தன.

அவருடைய சொந்த நாடு அட்டைகளை உடனே ஏற்கவில்லை. இங்கிலாந்து லீக்கில் அவை 1976இல்தான் வந்தன. 1981இல் கைவிடப்பட்டு 1987இல் திரும்பின. ஆஸ்டன் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. முதிய வயதிலும் அமெரிக்காவில் இளையர் காற்பந்து நடுவர்களுக்குக் கற்பித்தார். 1997இல் பிரிட்டனின் எம்பிஇ விருது பெற்றார். 2001 அக்டோபர் 23ஆம் தேதி காலமானார்.

அட்டைகள் வந்ததால் நடுவர்கள் தவறு செய்வது நின்றுவிடவில்லை. காணொளி உதவி வந்த பிறகும் நிற்கவில்லை. ஆனால் 1966இல் எச்சரிக்கப்பட்ட ஆட்டக்காரருக்கே அது தெளிவாகத் தெரியாது. இன்று அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் நடுவரின் முடிவு அந்த நொடியே தெரிகிறது. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் காணொளியைப் பார்த்தபின் நடுவர்கள் தங்கள் முடிவை ஒலிபெருக்கியில் அறிவித்ததும் அதே வழியில் வைத்த இன்னோர் அடிதான். தீர்ப்பு சரியா என்று வாதாடுவதற்கு முதலில் தீர்ப்பு என்னவென்று தெரிய வேண்டும். அதைத் தெரியவைத்தவர் கென் ஆஸ்டன். அடுத்த முறை நடுவரைத் திட்டத் தொடங்கும் முன், அந்தத் தலைமையாசிரியரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.