மூன்று தடவை எழுதியவர்

போன பரீட்சையில் எனக்குக் கணக்கில் அரியர் விழுந்தது. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் அரியர் என்றால் என்னவென்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த வாரம்தான் நூலகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றிப் படித்தேன்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது தடவைதான் தேறினார், அதுவும் சென்னைக்கு வந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்காமல் போக, எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அண்ணன் ஸ்புரூ என்னும் குடல் நோயில் இறந்துபோனார். இவர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, ஹார்வர்டில் படித்து, 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே இவர் குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அண்ணனைக் கொண்டுபோன நோய்க்கு அதுவே மருந்தானது!

இவர் தலைமையில்தான், எழுபது வயது தாண்டிய பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசினை எடுத்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தில் முதல் மருந்து அது. குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் ஒரு மண்வாசம் வருமே, அதுவும் இந்த வகை நுண்ணுயிர்களின் வேலைதான்.

பெனிசிலின் பாக்டீரியாவைச் சுவர் கட்ட விடாது. சிவில்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். டெட்ராசைக்ளின் சுவரைத் தொடாது. உள்ளே புரதம் செய்யும் ரைபோசோமில் ஒட்டிக்கொள்ளும். மெஷின் இருக்கும், மூலப்பொருள் உள்ளே நுழையாது, உற்பத்தி நின்றுவிடும்.

குறைகளும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் பல் நிரந்தரமாகக் கறைபடும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. நான் போன சீசனில் அருவியில் குளித்துச் சளிக்காய்ச்சல் வந்து, டாக்டரைப் பார்க்காமல் ரெண்டு கேப்சூல் வாங்கிப் பாலில் விழுங்கினேன். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இந்த மருந்து கேட்கவே கேட்காது. உடம்பிலிருக்கும் பாக்டீரியாவில் மருந்தைத் தாங்கியவை மட்டும் பிழைத்துப் பெருகும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து பலிக்காது. காசையும் கொடுத்து நான் செய்த காரியம் இது!

ஆரியோமைசின் 1948-ல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்தார். கப்பல் ஏறிப் போனவர் ஊருக்குத் திரும்பவே இல்லை.

கணக்குப் பேப்பரை அக்டோபரில் மறுபடி எழுதுகிறேன். எனக்கு இது ரெண்டாவது தடவைதான்.