எட்வர்டு மைபிரிட்ஜ்: அசைவைப் பாடமாக்கியவர்

அனிமேஷன் படங்களுக்கு மனித உருவம் வரையப் பயில்வோர் விரும்பித் தேடும் நூல்களுள் ஒன்று, இயங்கும் மனித உருவத்தைப் பற்றி 1901-இல் வெளிவந்த படத்தொகுப்பு. அதனைத் தந்தவர் ஓவியர் அல்லர். எட்வர்டு மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக் கலைஞர்.

1830 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரைக் கிங்ஸ்டனில் பிறந்தார். தம் பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டவர். இளமையிலேயே அமெரிக்கா சென்று சான் பிரான்சிஸ்கோவில் புத்தகம் விற்றார். 1860-இல் டெக்சாஸில் நேர்ந்த குதிரைவண்டி விபத்தில் தலையில் பலத்த அடி பட்டது. 1874-இல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றார். அடுத்த ஆண்டு நடுவர்குழு அவரை விடுதலை செய்தது. அத்தீர்ப்பில் நீதியைவிட அனுதாபமே மிகுதி எனலாம்.

கலிபோர்னியாச் செல்வர் லீலண்டு ஸ்டான்போர்டின் ஆதரவில், 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் நிலத்தை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு என்பது தெளிவாயிற்று. ஆனால் அக்கணத்தில் கால்கள், ஓவியர் காலங்காலமாகத் தீட்டியதுபோல் முன்னும் பின்னும் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழ் மடங்கியிருந்தன. 1882-இல் ஸ்டான்போர்டு வெளியிடச் செய்த நூலின் தலைப்புப் பக்கத்தில் மைபிரிட்ஜின் பெயர் இடம்பெறவில்லை. அதனால் லண்டன் அறிஞர் அவையில் அவர் உழைப்பே ஐயத்திற்குள்ளாயிற்று. அவர் தொடுத்த வழக்கும் வெற்றி பெறவில்லை.

அந்த அவமதிப்புக்குப் பின்னரே மனித உடலை முழுமையாக ஆராய முனைந்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1884 முதல் எடுத்த படங்கள் 1887-இல் 781 தகடுகளாக வெளிவந்தன. அவற்றுள் பெரும்பகுதி மனிதர்களே. நடப்போர், படியேறுவோர், குடம் சுமப்போர், மல்லர் எனப் பலரைப் பல கோணங்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். பின்னணியில் கட்டங்கள் இட்ட திரை. ஊன்றிய காலை மறுகால் கடக்கையில் தலை உயர்வதையும், இரு கால்களும் அகல விரிகையில் தாழ்வதையும் அக்கட்டங்களைக் கொண்டு அளக்கலாம். அனிமேஷன் பயில்பவன் முதலில் கற்க வேண்டிய பாடம் இந்த ஏற்றத்தாழ்வுதான்; இது தவறினால் உருவம் நடக்காது, வழுக்கிச் செல்லும்.

ஆயினும் அவர் வரிசைகளை அப்படியே நம்பலாகாது. விடுபட்ட கணங்களுக்கு வேறு படங்களைச் செருகி எண்ணிட்டிருப்பதைப் பிற்கால ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். அறிவியல் எனத் தந்ததில் கலைஞனின் கைச்சரக்கும் கலந்திருக்கிறது.

படங்களை மீண்டும் அசையச் செய்ய அவர் 1879-இல் உருவாக்கிய வீழ்த்துகருவி வேறொன்றையும் உணர்த்தியது. சுழலும் தட்டின் பிளவுகள் வழியே திரையில் விழும் உருவம் பக்கவாட்டில் குறுகிவிடும். ஆகவே, புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் கண்ணாடித் தட்டில் உருவங்களைத் தீட்டவேண்டியிருந்தது. அதுவும் வேண்டுமென்றே நீட்டி, விகிதம் பிறழ. தட்டில் கோணலாய் நின்ற குதிரை திரையில் செம்மையாக ஓடிற்று. அசைவுக்காக வரைவது வேறு, நிலைத்த படத்துக்காக வரைவது வேறு என்பது அப்போதே வெளிப்பட்டுவிட்டது. இன்றும் அவர் தகடுகளை வரிக்கு வரி நகலெடுப்பவனுக்கு விறைத்த பொம்மையே கிட்டுகிறது.

தாயகம் திரும்பிய மைபிரிட்ஜ் 1904 மே 8 அன்று கிங்ஸ்டனில் காலமானார். வோக்கிங்கில் உள்ள நினைவுக்கல்லில் அவர் பெயர் பிழையாகவே பொறிக்கப்பட்டுள்ளது.