இபின் பதூதாவும் சிவனொளிபாத யாத்திரையும்

இரத்தினபுரிப் பகுதியில் வானந் தெளிந்த காலையில் வடகிழக்கே கூர்ங்கொடுமுடியாய்த் தோன்றும் மலையைச் சைவர் சிவனொளிபாதமென்றும், பௌத்தர் ஸ்ரீபாதமென்றும், இசுலாமியர் ஆதம் மலையென்றும் போற்றுவர். அது 7,359 அடி உயரமுடையது. அதனை நாள்தோறுங் கண்டு வளரும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, 1344ஆம் ஆண்டில் அம்மலையை நாடி வந்த அயல்நாட்டு யாத்திரிகர் ஒருவரின் சரிதம் சொல்லத்தக்கதாகும்.

இபின் பதூதா மொறோக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரில் 1304இல் பிறந்தவர். 1325இல், இருபத்தொரு வயதிலே, மக்கா யாத்திரையை விரும்பித் தனியே புறப்பட்டார். மறு ஆண்டு எகிப்து நாட்டில் ஒரு பெரியாரின் இல்லத்து மேற்றளத்தில் துயின்றபோது, பெரும்பறவையொன்று தம்மைச் சிறகில் ஏந்தி மக்காவையும் யேமனையும் கடந்து, நெடுந்தூரங் கிழக்கே சென்று, கரும்பசுமை படர்ந்த நாடொன்றில் இறக்கிவிட்டதாகக் கனாக் கண்டார். அப்பெரியார், அவர் இந்தியாவரை சென்று அங்கே நெடுங்காலந் தங்குவரெனப் பயன் கூறினார். அன்று தொட்டு அக்கனவே அவருள்ளத்தில் வழிகாட்டியாயிற்று. சென்ற வழியே மீண்டுஞ் செல்வதை இயன்றவரை தவிர்ப்பதையும் அவர் விரதமாகக் கொண்டார்.

டில்லியில் முகமது பின் துக்ளக்கின் கீழ் நீதிபதியாயிருந்த அவரை, அம்மன்னன் 1341இல் சீனத்துக்குத் தூதனுப்பினான். கள்ளிக்கோட்டையிலே வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருக்கையிற் புயல் எழுந்தது. மன்னன் கொடுத்தனுப்பிய காணிக்கைகளைச் சுமந்த மரக்கலம் சிதைந்தது. தூது முறிந்தது, அவர் உயிர் பிழைத்தார். பின்னர் மாலைதீவிற் சிறிதுகாலம் நீதிபதியாயிருந்து, 1344இல் தமிழகத்து மாபார்க் கரையை நோக்கிக் கப்பலேறினார். தேர்ந்த மாலுமி உடனிருந்தாரல்லர். மூன்று நாளிற் கடக்கவேண்டிய கடலில் ஒன்பது நாள் அலைந்தபின், புகைத்தூண்போல ஒரு மலை தோன்றிற்று. காற்றே அவரை ஈழத்துக்குக் கொணர்ந்தது என்க.

கப்பலோர் அக்கரையில் இறங்க அஞ்சினர். இபின் பதூதாவோ இறங்கினார். புத்தளத்தில் அப்போது தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி, நந்திக்கொடியுடைய சைவ வேந்தன், அவரை அன்புடன் வரவேற்று முத்துக்களை அளித்தான். வேண்டுவது யாதென வினாவினான். மலையிலுள்ள திருவடித் தடத்தைக் காண்பதொன்றே தம் விருப்பமென்றார் விருந்தினர். மன்னன் பல்லக்கொன்றும், ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செய்யும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், துணைவர் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் உடன் அனுப்பினான். சமயத்தால் வேறுபட்டவர் ஒருவருக்கு வழித்துணையாய்ச் சென்றோர் நம் யோகியரென்பதை மாணாக்கர் மறவாதிருத்தல் நன்று.

மலைக்கு இருவழி இருந்தன. எளிய வழியாற் சென்றோரை யாத்திரை செய்தோராக அக்காலத்தார் எண்ணுவதில்லை. இபின் பதூதா கடிய வழியையே கொண்டார். நீர்நிலைகளருகே மரங்களிலும் புல்லிலுமிருந்து அட்டைகள் பாய்ந்தன. அவற்றின்மேற் பிழிவதற்கு அவ்வூரார் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாய் வைத்திருந்தனர். பாறையிற் பிணித்த இருப்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறிச் சென்று, வழக்கப்படி மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் தரிசித்தார்.

அம்மலைவழியைப் பற்றி அவர் கேட்டெழுதிய கதையொன்றுண்டு. அவருக்கு முந்நூறாண்டுகளுக்கு மேல் முற்பட்ட இபின் கபீப் என்னும் பாரசீகப் பெரியார், முப்பது பக்கிரிகளுடன் அக்காட்டில் வழி தவறினார். பசி தாங்கமாட்டாத ஏனையோர், பெரியார் தடுத்தும் கேளாது, ஒரு யானைக்கன்றைக் கொன்று தின்றனர்; அவரோ தொடவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவரையும் மோந்து கொன்றன. பெரியாரை மோந்த யானையோ அவரைத் தன் முதுகிலேற்றி மக்கள் வாழுமிடத்திற் கொண்டுபோய் விட்டது. கொல்லாமையும் புலான் மறுத்தலும் நம் நூல்கள் மட்டும் போற்றும் அறங்களல்ல என்பதற்கு இக்கதை சான்றாகும்.

ஈண்டு ஆசிரியர்கள் சிந்திக்கவேண்டுவது ஒன்றுண்டு. பல்லி சொல்லிற்றென்றும் பூனை குறுக்கிட்டதென்றும் பயணத்தை நிறுத்துவோர் நம்மிடையே பலர். திருமறைக்காட்டில், நாளுங் கோளும் நன்றாயில்லையென்று அப்பர் தடுத்தபோதும், இறைவனைத் துணையாகக் கொண்டோர்க்குத் தீங்கில்லையெனக் கோளறு திருப்பதிகம் அருளி மதுரைக்கு எழுந்தருளினார் ஞானசம்பந்தர். இபின் பதூதாவும் குறிகளை நம்பியவரே. ஆயினும் அவை அவரைப் புறப்படச் செய்தனவேயன்றி வீட்டில் இருத்தவில்லை. காற்று கரையிற் சேர்த்தது. சேர்ந்தபின் மலையுச்சிவரை கொண்டுசென்றது மன்னன் ஈகையும், வழியறிந்த யோகியர் துணையும், தம் கால்களின் உறுதியுமாம். அச்சத்தை வளர்க்குங் குறியைத் தள்ளுக. அன்பையும் முயற்சியையும் எழுப்புவதாயின் அதனைக் கொள்க.

ஈழத்தினின்றும் மாபார் சென்றபோதும் அவர் கப்பல் கரையருகே உடைந்தது; அதற்கும் அவர் தளரவில்லை. 1349இல் தாய்நாடு மீண்டார். அவர் சொல்ல இபின் ஜுஸை எழுதிய பயண நூல் 1355இல் முற்றுப்பெற்றது. அவர் கடந்த வழி ஏறத்தாழ 75,000 மைல் என மதிப்பிட்டோருளர். 1368 அல்லது 1369இல் அவர் காலமானார். இனி மார்கழி முதல் வைகாசி வரையுள்ள யாத்திரைக் காலத்தில் மலையேறும் பிள்ளைகளுக்கு, அப்பாதையில் முன்னே நடந்த யோகியர் நால்வரையும் அவர்பின் சென்ற அயலாரையும் ஆசிரியர்கள் நினைவூட்டுவார்களாக.