மாதிரிக் கட்டுரை: வளையாத தலைவர் கோ. நடேசய்யர்

குறிப்புகள்: முன்னுரை – இளமையும் இலங்கை வருகையும் – நண்பரைப் பிரிதல் – ஹட்டனில் சங்கம் – உறுதிக்குக் கொடுத்த விலை – முடிவுரை

முன்னுரை
பொது வாழ்வில் ஈடுபடுவோர் எல்லோருக்கும் இனியவராக இருத்தல் இயலாது. கொள்கையிற் கண்டிப்பாக நிற்பவர் செல்வாக்கையும் சில வேளைகளில் நண்பரையும் இழக்க நேரிடும். அவ்வாறு இழந்தும் தளராதவர், மலையகத் தொழிற்சங்க முன்னோடியான கோதண்டராம நடேசய்யர் ஆவார்.

இளமையும் இலங்கை வருகையும்
1887 ஆம் ஆண்டு தஞ்சாவூரிற் பிறந்த இவர், அங்கு வர்த்தகப் பத்திரிகை ஒன்றை நடத்தினார். பின்னர் 1920 ஆம் ஆண்டளவில் கொழும்பிற் குடியேறினார். அக்காலத்தில் தோட்டம் துரையின் கோட்டையாக இருந்தது. அனுமதியின்றி வெளியார் உள்ளே நுழைவது அத்துமீறலாகும். எனவே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டு, துணிமூட்டையுடன் லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் துன்பங்களை நேரிற் கண்டார் என்பர். தாம் அறிந்தவற்றைத் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளில் அஞ்சாது எழுதினார்.

நண்பரைப் பிரிதல்
கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிலாளர் சங்கத்தில் முக்கிய பதவி வகித்தார். 1925 இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். எனினும் 1920களின் இறுதியில் வேலையின்மை பெருக, குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தார். இருவரும் சேர்ந்து வளர்த்த சங்கம் அது. மௌனமாக இருந்திருந்தால் நடேசய்யரின் பதவி நிலைத்திருக்கும். அவரோ தொழிலாளரை இனத்தால் பிரிப்பதை ஏற்காது வெளியேறினார்.

ஹட்டனில் சங்கம்
பின்பு மலைநாட்டைத் தம் களமாக்கிக்கொண்டார். 1931 இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அது உலகப் பொருளாதார மந்தத்தின் காலம். தேயிலை விலை வீழ்ந்ததும் தொழிலாளரின் கூலியிற் கைவைக்கப்பட்டது. இதனை நடேசய்யர் வன்மையாக எதிர்த்தார். துரைமாருடன் கங்காணிமாரும் அவரைப் பகைத்தனர். சங்கத்திற் சேர்ந்தவர்கள் பற்றுச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். வேலை போனால் இருந்த லயக் காம்பராவும் போய்விடும். ஆகவே சங்கத்திற் சேர்வதற்கே துணிவு வேண்டியிருந்தது. அந்தத் துணிவை ஊட்ட, கூலி, சட்டம் பற்றிய செய்திகளை எளிய தமிழில் நூல்களாகவும் துண்டுப் பிரசுரங்களாகவும் அவர் வெளியிட்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடல்கள் பாடி மக்களை எழுப்பினார். 1936 இல் ஹட்டன் தொகுதி மக்கள் நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

உறுதிக்குக் கொடுத்த விலை
1939 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் எழுந்து தோட்டங்களில் வேகமாகப் பரவியது. நடேசய்யரின் சம்மேளனம் தேய்ந்தது. கூட்டம் குறைந்தபோதும் அவர் தம் வழியிலேயே நின்றார். ஒன்றுபட்டுச் செயற்பட்டிருக்கலாமே என்று எண்ணத் தோன்றும். ஆயினும் சம்மேளனம் முதலிற் பாதை வெட்டியிராவிடின் பின்வந்த சங்கங்களின் பணி மேலும் கடினமாகியிருக்கும். 1947 நவம்பர் 7 ஆம் திகதி அவர் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையக மக்களை நாடற்றவராக்கியது. அவர் போன்ற ஒருவரின் கண்டிப்பான குரல் மிகவும் தேவைப்பட்ட வேளை அது.

முடிவுரை
உறுதி வேறு, பிடிவாதம் வேறு. தன் பெருமைக்காக வளையாதிருப்பது பிடிவாதம். எளியவரின் உரிமைக்காகத் தன் நலத்தை இழந்தும் வளையாதிருப்பது உறுதி. பலமுள்ளவரிடம் கண்டிப்பையும் பலமற்றவரிடம் பரிவையும் காட்டிய நடேசய்யரின் வாழ்வு நாம் பின்பற்றத் தக்கதாகும்.

நினைவிற் கொள்க
1887 – பிறப்பு
1925 – சட்டநிரூபண சபை
1931 – ஹட்டனில் சம்மேளனம்
1936 – அரசாங்க சபை
1947 – மறைவு

பயிற்சி
1. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டதற்கான காரணம் யாது?
2. சங்கத்திற் சேர்ந்த தொழிலாளர் எதிர்நோக்கிய இடர்கள் இரண்டு தருக.
3. ‘உறுதியும் பிடிவாதமும்’ என்னும் தலைப்பில் 100 சொற்களில் ஒரு பந்தி எழுதுக.