மலையக மக்களின் ஆசான் ஸி.வி. வேலுப்பிள்ளை

மலையகத்தின் உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது தொழிற்சங்கத் தலைவர்களை நாம் நினைவுகூருகின்றோம். அதன் இலக்கியத்தைப் பற்றிப் பேசும்போது எழுத்தாளர்களை நினைவுகூருகின்றோம். இவ்விரு வரிசைகளிலும் ஒருங்கே இடம்பெறும் பெருமகன் ஸி.வி. வேலுப்பிள்ளை ஆவார்.

பூண்டுலோயாவை அண்டிய மடக்கும்புர தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டு கங்காணி மரபுக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கொழும்பு நாளந்தாக் கல்லூரியிலும் பயின்றார். 1934 ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூர் இலங்கை வந்தபோது, தாம் ஆங்கிலத்தில் எழுதிய நாடகமொன்றை அவரிடம் கையளித்தார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதே. பின்னர் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். வசதியான வாழ்க்கையைத் தேடிக்கொள்ள அவரது ஆங்கிலப் புலமையே போதுமானதாக இருந்திருக்கும். ஆயினும் அவர் தொழிலாளரின் பக்கமே நின்றார்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் வெற்றி பெற்ற எழுவரில் அவரும் ஒருவர். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக அவர் பாராளுமன்றம் சென்ற மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்களும் தந்தையின் பிறப்பிடத்தை நிரூபிக்க வேண்டியவர்களானார்கள். பிறப்புப் பதிவுகூட அரிதாயிருந்த லயன்களில் ஆதாரங்களுக்கு எங்கே போவது? வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதி எவரும் தெரிவாகவில்லை.

ஆசனம் போயிற்றே என்று அவர் ஓய்ந்துவிடவில்லை. தொழிற்சங்கப் பணியில் நிலைத்து நின்று, எழுத வாசிக்க அறியாதோரின் குறைகளுக்குக் குரலானார்; மாவலி இதழின் ஆசிரியராகவும் விளங்கினார். தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையிலும் உரைநடையிலும் வெளியுலகுக்கு எடுத்துரைத்தார். தமிழில் நாவல்கள் படைத்தார். வேலை போனால் குடியிருப்பும் போகும் என்பதே தோட்டத்தின் நியதி. வீடற்றவன் என்ற அவரது நாவலின் தலைப்பே அக்கொடுமையை உணர்த்தப் போதுமானது. கொழுந்து பறிப்போரின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி அவர் நூலாக்கியிராவிட்டால், அவற்றுட் பல பாடியவர்களோடேயே மறைந்திருக்கும்.

1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். இரு அரசுகளும் எண்களாகக் கண்ட அம்மக்களை அவர் குடும்பங்களாகக் கண்டார். அவர் 1984 ஆம் ஆண்டு மறைந்தார். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டே நிறைவேறியது. அதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பிரஜாவுரிமை கிடைத்தாயிற்று. ஆனால் தலவாக்கலையிலிருந்து பட்டிப்பொல வரையிலான மலைகளில் லயன் அறைகளை விட்டு வெளியேற முடியாத குடும்பங்கள் இன்றும் உள்ளன. விழா எடுத்து மாலை சூட்டுவதோடு நமது கடமை முடிந்துவிடாது. அவரது நூல்கள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் கைகளைச் சென்றடைய வேண்டும். உழைக்கும் குடும்பத்துக்குச் சொந்தக் காணியும் வீடும் கிடைக்க வேண்டும். அதுவே அந்த ஆசானுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.